இரட்டையரின் முன்கதை: 'தி சோல்ஃபோர்ஜ்' நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கரெட் வைஸ் எழுதி 1998இல் வெளிவந்த 'தி சோல்ஃபோர்ஜ்' பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்டவை, நான் அவர்களிடம் கேட்டவை, இன்னும் தீராமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பவை எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கதையின் முடிவு வெளிப்படும். அது ஏன் பெரிய குற்றமில்லை என்பதற்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது.

இது என்ன கதை? ஒன்றுமே தெரியாதவனுக்குச் சொல்லுங்கள்.

கிரின் என்ற கற்பனை உலகம். அதில் சோலஸ் என்று ஓர் ஊர். வீடுகள் எல்லாம் ராட்சத மரங்களின் மேலே, மரத்துக்கு மரம் தொங்குபாலம். அங்கே கிலோன் என்ற மரம்வெட்டியின் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்த காரமன் ஆரோக்கியமான முரட்டுப் பிள்ளை. அடுத்துப் பிறந்த ரைஸ்ட்லின் பிழைப்பானா என்றே தெரியாத நோஞ்சான். அவனைப் பிழைக்க வைத்தது அக்கா கிட்டியாரா. அம்மா ஒருத்தி, அப்பா வேறு, அப்போது அவளுக்கே எட்டு வயதுதான்.

ரைஸ்ட்லினுக்கு மந்திரம் வரும். கிரினில் மந்திரவாதியாக வேண்டும் என்றால் ஒரு நாள் உயர் மந்திரக் கோபுரத்துக்குப் போய் 'தேர்வு' எழுதியாக வேண்டும். தோற்றால் மதிப்பெண் குறையாது, உயிர் போகும். ஆறு வயதில் பள்ளியில் சேர்வதிலிருந்து அந்தத் தேர்வு வரைக்கும் போகிற கதை இது.

முன்கதை என்கிறீர்களே, எதற்கு முன்கதை?

மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் சேர்ந்து எழுதிய டிராகன்லான்ஸ் நாவல் வரிசைக்கு. முதல் மூன்று நாவல்கள் 1984, 1985இல் வந்தன. அடுத்து 1986இல் இந்த இரட்டையரை மட்டும் மையமாக வைத்து இன்னொரு மூன்று. அவற்றில் நாம் ரைஸ்ட்லினைப் பார்க்கும்போதே அவன் தோல் பொன்னிறம், முடி வெள்ளை, கண்மணி மணற்கடிகார வடிவம். இருமினால் ரத்தம் வரும். பேச்சு முழுக்கக் கிசுகிசுப்பு. ஏன் இப்படி ஆனான் என்பது அந்த நாவல்களில் துளித்துளியாகத்தான் வரும். அதை முழுசாகச் சொல்ல வந்ததுதான் இந்தப் புத்தகம்.

ஒரு வேடிக்கை, தேர்வுக் கதையை வைஸ் முதல் நாவலுக்கும் முன்பே ஒருமுறை எழுதிவிட்டார். 1984 மார்ச் 'டிராகன்' என்ற விளையாட்டு இதழில் ஒரு சிறுகதையாக வந்தது. அதனால் 1998இல் இந்த நாவலை வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கடைசிக் காட்சி ஏற்கெனவே அத்துப்படியாக இருந்திருக்கும்.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும்?

வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இங்கேதான். ஒரு கட்சி சொல்வது: மர்மம்தான் ரைஸ்ட்லினின் பலம், அதை அவிழ்த்துக் காட்டியதும் பாதி ரைஸ்ட்லின் செத்துப்போனான். இன்னொரு கட்சி: காரணம் தெரிந்த பிறகுதான் அவன்மேல் பயம் கூடியது.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியின் வாதம் லேசானதில்லை. முன்கதை எழுதுகிற பலரும் செய்கிற தப்பு, பாத்திரத்தின் ஒவ்வொரு வடுவுக்கும் ஒரு விபத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. வைஸ் அதைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறார். ரைஸ்ட்லினைக் கெடுத்தது இன்ன சம்பவம் என்று புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்ட முடியாது. கூடப் படிக்கும் பையன்கள் சிரிக்கிறார்கள். வாத்தியார் சோம்பேறி. ஊரில் எல்லாருக்கும் காரமனைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், எந்த ஊரிலும் எந்தப் பையனுக்கும் நடப்பதுதான். இவன் மட்டும் ஒன்றைக்கூட மறப்பதில்லை.

முதல் பாதி இழுக்கிறது என்கிறார்களே?

இழுக்கிறதுதான். என்னிடம் இருப்பது நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதி. இரவல் வாங்கிப் போனவர்கள் எல்லாரும் முதல் நூறு பக்கத்தைத்தான் கசக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் தாள் புதுசாகவே இருக்கிறது.

பிரச்சினை எதிர்பார்ப்பில்தான். அட்டையைப் பார்த்து வாங்குகிறவர் டிராகன் வரும், படை வரும் என்று நினைப்பார். வருவது என்ன? ஆன்டிமோடிஸ் என்ற வெள்ளை அங்கி மந்திரவாதி கழுதைமேல் ஊருக்கு வருகிறார், அந்தக் கழுதைக்கு ஜென்னி என்று பெயர். விடுதியில் சாப்பிட உட்கார்கிறார். கிட்டியாரா வந்து, தம்பியை மந்திரம் படிக்க வைக்க என்ன செலவாகும் என்கிற மாதிரி பேச்சைத் தொடங்குகிறாள். உலகத்தையே நடுங்கவைக்கப் போகிறவனின் கதை, ஒரு அக்கா பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பதில் தொடங்குகிறது. இதைப் படித்ததும் புன்னகை வந்தால் மீதியும் உங்களுக்குப் பிடிக்கும். 'சரி, டிராகன் எப்போது வரும்' என்று தோன்றினால் மூடி வைத்துவிடலாம், ஒன்றும் தப்பில்லை.

அந்த மந்திரப் பள்ளி எப்படி இருக்கும்? மாயாஜாலம் நிறைய உண்டா?

கிட்டத்தட்ட இல்லை. தியோபால்ட் என்று ஒரு வாத்தியார். திறமை குறைவு, வருமானத்தில் அக்கறை அதிகம். பையன்கள் வருடக்கணக்காகச் செய்வது எழுத்துப் பயிற்சியும் மனப்பாடமும். ஒரு மந்திரத்தில் ஒரு சொல்லின் உச்சரிப்பு பிசகினால் மொத்தமும் வீண் என்பதால் அப்படி. முதல் சோதனையே ஆட்டுத்தோலில் இறகுப் பேனாவால் 'நான், மந்திரவாதி' என்று எழுதிக் காட்டுவதுதான்.

இந்தப் பள்ளிப் பகுதி வறட்சி என்பது பொதுவான புகார். எனக்கு இதுதான் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி. அறிவாளிப் பிள்ளைக்கு மட்டமான ஆசிரியர் வாய்த்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன ஃபேண்டஸி நாவலை நான் வேறு படித்ததில்லை. தன் ஆசிரியரைவிடத் தனக்குத் தெரியும் என்று அந்தப் பையனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அது அவனைச் சந்தோஷப்படுத்துவதில்லை.

அப்புறம், அவன் ஊர்ச் சந்தைகளில் காசு மறைப்பது, பந்து எடுப்பது என்று கண்கட்டு வித்தை காட்டிச் சில்லறை சேர்ப்பது. அசல் மந்திரம் உள்ளே இருக்க, வயிற்றுப்பாட்டுக்குப் போலி வித்தை. காரமன் இன்னொரு பக்கம் பண்ணை வேலைக்குப் போகிறான். டிராகன்லான்ஸ் கதைகளில் பணக்கஷ்டம் இவ்வளவு தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

அப்பா, அம்மா பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். கிலோன் நல்ல மனிதன், மரம் வெட்டும்போது நேர்ந்த விபத்தில் இறந்துபோகிறான். அம்மா ரோசமுன் தரிசனங்களில் மூழ்கிவிடுகிறவள். நாள் கணக்கில் நினைவில்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டு கிடப்பாள். கணவன் போன பிறகு அதிலிருந்து திரும்புவதே இல்லை.

அவளிடம் இருப்பதும் மந்திர ஆற்றல்தான், பயிற்சி கிடைக்காத ஆற்றல் என்பது நாவலின் குறிப்பு. அதாவது, பள்ளியில் சேர்க்காவிட்டால் ரைஸ்ட்லின் என்ன ஆவான் என்பதற்கான பதில் அதே வீட்டில் கட்டிலில் படுத்திருக்கிறது. ஆசிரியர் இதை எங்கும் அடிக்கோடு போடவில்லை. ஆனால் தாயை வெறும் பைத்தியமாகக் காட்டி முடித்துவிட்டார்கள் என்று வருத்தப்படும் வாசகிகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. அவள் பார்வையில் ஒரே ஒரு அத்தியாயம் இருந்திருக்கலாம்.

காரமனை முட்டாளாக்கிவிட்டார்களா?

இது காரமன் ரசிகர்களின் நிரந்தரக் குறை. புத்தகம் தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறது. தம்பி கண்ணுக்கு அண்ணன் சாப்பாட்டு ராமன், பெண்களைப் பார்த்தால் பல்லிளிப்பவன், யோசிக்கத் தெரியாதவன். மிராண்டா என்ற பெண்மேல் ரைஸ்ட்லின் ஆசை வைத்திருக்க, அவள் காரமனோடு இருப்பதை அவனே பார்க்கும் இடம் ஒன்று உண்டு. காரமனுக்குத் தம்பி மனதில் இருந்தது தெரியாது. தெரிந்திருந்தால் விலகியிருப்பான் என்பதுதான் ரைஸ்ட்லினால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம் என்று நான் படிக்கிறேன்.

பழைய நாவல்களைப் படித்தவர்களுக்கு முயல் ஞாபகம் இருக்கும். ரைஸ்ட்லின் சிறுவனாக இரவில் கெட்ட கனவு கண்டு அலறும்போது காரமன் விளக்கு வெளிச்சத்தில் கைவிரல்களை மடக்கி, சுவரில் முயல் நிழல் காட்டிச் சிரிக்க வைப்பான். அந்தப் பெரிய கைகள் பின்னாளில் வாள் பிடிக்கப்போகிற கைகள். காரமன் முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் அந்த முயலைத்தான் காட்டுவேன். இருட்டில் பயந்த குழந்தைக்கு என்ன வேண்டும் என்று, அதே வயதுள்ள இன்னொரு குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக ரைஸ்ட்லினின் எரிச்சல் பொய் என்று ஆகிவிடாது. எப்போதும் தூக்கிச் சுமக்கப்படுகிறவனின் எரிச்சல் அது. வீட்டில் நோயாளி இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் புரியும்.

பெல்சோர் பகுதி தேவையா?

நடுவில் ஹேவன் நகரத்தில் நடக்கும் பகுதி இது. பெல்சோர் என்ற பாம்புக் கடவுளின் பெயரால் ஒரு கும்பல் அற்புதம் காட்டி ஆள் சேர்க்கிறது. கிரினின் பழைய கடவுள்கள் பேரழிவுக்குப் பிறகு முந்நூறு வருடங்களுக்கும் மேலாக மனிதர்களுக்குப் பதில் சொல்வதில்லை. காலியான அந்த இடத்தில் புதுக்கடவுள்கள் முளைக்கிறார்கள். அந்த அற்புதம் வெறும் மந்திரவேலை என்பது சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவனுக்குத்தான் தெரிகிறது. ரைஸ்ட்லினே சந்தையில் வித்தை காட்டியவன் ஆயிற்றே. கும்பலின் தலைவி ஜூடித்தோடு அவன் குடும்பத்துக்குப் பழைய கணக்கும் உண்டு.

கதையின் ஓட்டத்தை இது தடம் மாற்றிவிடுகிறது என்பார்கள். ஓரளவு உண்மை, ஒரு தனி நாவலைத் தூக்கி நடுவில் வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் இங்கேதான் புத்தகம் வேகம் பிடிக்கிறது, பழைய நாவல்களின் நண்பர் கூட்டமான டானிஸ், ஸ்டர்ம், ஃப்ளின்ட், டாசல்ஹாஃப் எல்லாரும் ஒன்றாக வருகிறார்கள். ஜூடித் கொலையாகிறாள், பழி ரைஸ்ட்லின் தலையில் விழுகிறது. செய்தவள் அக்கா. அவள் அதைச் சொல்லும் தோரணையைப் படிக்கும்போது, பின்னாளில் இவள் எந்தப் படையில் போய்ச் சேருவாள் என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

'தேர்வு' ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது?

இத்தனை பக்கம் காத்திருந்தோம், இவ்வளவுதானா என்ற புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். தேர்வு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. முதலில் படித்தபோது நானும் புலம்பினேன்.

நடப்பது இது. கோபுரத்துக்குள் மாயத்தோற்றங்கள் அவனைச் சோதிக்கின்றன. செத்தும் சாகாத ஃபிஸ்டன்டாண்டிலஸ் என்ற பழைய மந்திரவாதி, பலம் தருகிறேன், பதிலுக்கு உன் உயிர்ச்சத்தில் பங்கு தா என்று பேரம் பேசுகிறான். உடம்பு நொறுங்கிக் கிடக்கும் ரைஸ்ட்லினைக் காப்பாற்றக் காரமன் ஓடி வருகிறான். வந்தவன் மந்திரம் போடுகிறான். சுலபமாக, சிரித்துக்கொண்டே. தம்பி வாழ்நாள் முழுக்க ரத்தம் சுண்டக் கற்றதை, அண்ணன் பயிற்சியே இல்லாமல் செய்கிறான். ரைஸ்ட்லின் அவனைக் கொல்கிறான்.

அந்தக் காரமன் மாயத்தோற்றம். அசல் காரமன் உயிரோடு நின்று, தன் தம்பி தன்னைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் இது ஏன் சின்னதாக இருக்கிறது என்று பிடிபட்டது. ஆட்டுத்தோல், சந்தைக் காசு, மிராண்டா, ஊரே காரமனைக் கொண்டாடியது எல்லாம் தேர்வின் பகுதிதான். கோபுரத்தில் நடப்பது விடைத்தாளைத் திருத்துவது மட்டும். அண்ணனிடம் பலம் இருக்கட்டும், அழகு இருக்கட்டும், நண்பர்கள் இருக்கட்டும், மந்திரம் மட்டும் என்னுடையது என்பதுதான் இவனுடைய மொத்தக் கணக்கு. அந்த ஒன்றிலும் கை வைத்தால்? 1984 சிறுகதையில் இந்தக் கொலை அதிர்ச்சி தந்தது. நாவலில் அதே கொலை வரும்போது, ஐந்து விநாடி நானும் அவன் பக்கம் நின்றேன். அந்த ஐந்து விநாடிக்காகத்தான் மீதிப் பக்கங்கள்.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

ஆன்மாவைக் காய்ச்சி அடிக்கும் கொல்லன் பட்டறை. சரியான தலைப்பு. சம்மட்டி யார் கையில் என்பதுதான் கேள்வி.

மந்திரவாதிகள் சபை செய்தது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான், அதை நாவல் மறைக்கவும் இல்லை. சபைத் தலைவர் பார்-சாலியன் வரப்போகும் போருக்கு ஒரு ஆயுதம் தேடுகிறார். ஆயுதம் ஒரு பையனாக இருக்கிறான். தேர்வு முடிந்ததும் அவன் கையில் 'மேஜியஸின் கோல்' என்ற மந்திரக்கோலைக் கொடுக்கிறார். கண்ணில் சாபத்தைக் கொடுக்கிறார்: இனி எதைப் பார்த்தாலும் அது மூப்படைந்து வாடி அழிவதாகத்தான் தெரியும். இரக்கம் பிறக்கட்டும் என்பதற்காகவாம்.

இருபதைத் தாண்டும் வயதில் ஒருவன் எந்தப் பெண் முகத்தைப் பார்த்தாலும் அது சுருங்கி உதிர்கிறது. இதிலிருந்து இரக்கம் வரும் என்று எந்தப் பெரியவர் நினைத்தார்? சபையைப் படிப்பில் பெரியவர்களாகவும் மனிதர்களைப் புரிந்துகொள்வதில் தியோபால்டைவிட ஒன்றும் உசத்தி இல்லாதவர்களாகவும் காட்டியது வைஸின் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் படுகிறது. அது திட்டமிடாமல் வந்தது என்று வாதாடும் நண்பர்களும் உண்டு.

பழைய நாவல்களோடு முரண்படுகிறதாமே?

சில்லறை முரண்கள் இருக்கின்றன. இதே பாத்திரங்களின் இளமைக்காலத்தை 1990களின் தொடக்கத்தில் வேறு எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே காலவரிசையில் அடுக்கப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும். ரைஸ்ட்லினைப் பெற்றவர்களில் ஒருவர் வைஸ். அவர் சொல்வதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

'பெற்றவர்களில் ஒருவர்' என்று சொல்லக் காரணம் உண்டு. டிராகன்லான்ஸ் முதலில், ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக டிஎஸ்ஆர் நிறுவனத்தில் உருவானது. ஹிக்மனின் வீட்டில் ஒரு சோதனை ஆட்டம் நடந்தபோது ரைஸ்ட்லினாக ஆடியவர் டெர்ரி பிலிப்ஸ் என்ற நண்பர். அவர் வாயைத் திறந்ததும் வந்தது கரகரத்த கிசுகிசுப்புக் குரல். பாத்திரம் அந்தக் குரலைச் சுற்றித்தான் வளர்ந்தது என்று ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆக, 1998இல் வைஸ் எழுதியது ஒரு வகையில் அந்தக் குரலுக்கான காரணத்தைத்தான்.

முதலில் இதைப் படிக்கலாமா, பழையதைப் படிக்கலாமா?

பழையதை. இதை முதலில் படித்தாலும் கதை புரியும். ஆனால் பொன்னிறத் தோலும் மணற்கடிகாரக் கண்ணும் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் கழுதைமேல் வரும் கிழவரைப் பார்த்ததும் வயிற்றில் என்னமோ செய்யும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் தாராளமாக. கொலை, தாயின் சாவு, லேசான காமம் உண்டு. தனிமையில் இருக்கும் படிப்பாளிப் பையன்களுக்கு இது ரொம்பவே பிடிக்கும். படித்து முடித்ததும் கூட உட்கார்ந்து கொஞ்சம் பேசுங்கள்.

இதன் தொடர்ச்சி?

1999இல் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்', டான் பெரினோடு சேர்ந்து வைஸ் எழுதியது. தேர்வு முடிந்த சகோதரர்கள் கூலிப்படையில் சேருகிறார்கள். அங்கே ஹார்கின் என்று ஒரு படை மந்திரவாதி, கோபுரத் தேர்வே எழுதாதவர், தொப்பையும் நக்கலுமாக வருகிறார். ரைஸ்ட்லினுக்குக் கடைசியில் கிடைத்த நல்ல வாத்தியார் அவர்தான். எனக்கு அவருக்காகவே அந்தப் புத்தகம் பிடிக்கும்.

கெவின் ஸ்டைன் எழுதிய 'பிரதர்ஸ் மஜேரே' 1990இலேயே வந்தது. பூனைகள் காணாமல் போகும் ஒரு நகரத்தில் நடக்கும் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். மழைநாளுக்கு ஆகும், அவசரமில்லை.

முடித்த பிறகு என்ன படிப்பது?

1984இன் முதல் நாவலை எடுத்து விடுதிக் காட்சியை மட்டும் திரும்பப் படித்துப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து நண்பர்கள் சோலஸ் விடுதியில் கூடுகிறார்கள். உருளைக்கிழங்கு வறுவல் வாசனை, பழைய கதை, சிரிப்பு. ஒரு மூலையில் ரைஸ்ட்லின் இருமுகிறான். எல்லாரும் அவன் கண்ணையும் தோலையும் பார்த்துத் திகைத்திருக்க, காரமன் பேச்சை நிறுத்திவிட்டு மூலிகைக் கஷாயத்துக்கு வெந்நீர் கேட்கிறான். முதல் முறை படித்தபோது அந்த வெந்நீரை நான் கவனிக்கவே இல்லை. இந்தத் தம்பி கையால் தான் சாவதைப் பார்த்துவிட்டு வந்தவன் கேட்கும் வெந்நீர் அது.